தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டுமா?

"அவன் அப்பனைப் போலவே முரடன்." "இவள் பிறவியிலேயே பயந்தாங்கொள்ளி." புக்கிட் செந்தோசாவில் பள்ளி வாசலிலோ சந்தையிலோ சற்று நேரம் நின்றால் போதும், இப்படி நான்கு பேச்சாவது காதில் விழும். தோட்டத்து லயங்களில் நாம் பழகிய பேச்சு இது. ரப்பர் மரங்கள் போய்ச் செம்பனை வந்தது. லயங்களை விட்டு நம்மவர் பலர் தாமான்களுக்குக் குடிவந்துவிட்டார்கள். பிள்ளைகளுக்குப் பட்டம் சூட்டும் வழக்கம் மட்டும் நம்மோடு லாரி ஏறி வந்துவிட்டது.

வாசகர்களே, குணம் என்பது என்ன? அது பிறக்கும்போதே எழுதி முடிக்கப்பட்டதா? பிள்ளை வளர்ப்போர் யாவரும் எண்ணிப் பார்க்க வேண்டிய கேள்வி இது.

1936ஆம் ஆண்டில் ஆல்போர்ட், ஓட்பர்ட் என்ற அமெரிக்க மனோதத்துவ அறிஞர்கள் இருவர், ஆங்கில அகராதியைப் புரட்டி, மனிதரின் இயல்பை வருணிக்கும் சொற்களைத் திரட்டினார்கள். கிட்டத்தட்ட 18,000 சொற்கள் கிடைத்தன! பின்வந்தவர்கள் அவற்றைச் சலித்துச் சலித்து ஐந்து பெரும் பிரிவுகளுக்குள் அடக்கினார்கள். புதியதை நாடும் ஆர்வம், பொறுப்புணர்வு, கலகலப்பு, இணங்கிப் போகும் தன்மை, எளிதில் கலங்கும் மனம் ஆகியவையே அவை. இந்த ஐந்தும் எல்லாரிடமும் உண்டு. உப்பு, புளி, காரம் எல்லார் வீட்டுக் குழம்பிலும் இருக்கிறது. அளவு மாறுவதால்தானே ருசி மாறுகிறது?

ஒவ்வொரு குணத்துக்கும் ஒரு பயன் இருக்கிறது. அஞ்சும் பிள்ளை ஆற்றங்கரையில் எச்சரிக்கையாக நிற்கும். பிடிவாதக்காரப் பையன் கணக்குக்கு விடை வரும்வரை பென்சிலைக் கீழே வைக்கமாட்டான். இடத்துக்கு இடமும் நடத்தை மாறும். வகுப்பில் வாய் திறக்காத சிறுமி, வீட்டில் தம்பி தங்கைகளை அதட்டி மேய்ப்பாள். ஓரிடத்தில் கண்டதை வைத்து முழு மனிதரையும் எடைபோடக்கூடாது என்று 1968இலேயே வால்டர் மிஷல் என்ற அறிஞர் வாதாடினார்.

பரம்பரைக்குப் பங்கு இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு. இரட்டைப் பிள்ளைகளை ஆராய்ந்தவர்கள், மனிதருக்கு மனிதர் காணும் குண வேறுபாட்டில் ஏறக்குறைய பாதி பரம்பரையால் வருவது என்கிறார்கள். மீதிப் பாதி வாழ்க்கை தருவது.

ஸ்காட்லாந்தில் ஓர் ஆராய்ச்சி நடந்தது. 1950இல் 14 வயது மாணவர்கள் 1,208 பேரின் தன்னம்பிக்கை, விடாமுயற்சி முதலிய ஆறு குணங்களுக்கு ஆசிரியர்கள் மதிப்பெண் இட்டார்கள். 2012இல், 77 வயதாகிவிட்ட அவர்களில் 174 பேரை மீண்டும் ஆராய்ந்தார்கள். அன்றைய மதிப்பீட்டுக்கும் இன்றைய மனிதருக்கும் குறிப்பிடத்தக்க ஒற்றுமை காணப்படவில்லை! கலந்துகொண்டவர்கள் சிலரே, மதிப்பிட்டவர்களும் வேறு. ஆனாலும் ஆசிரியர்களாகிய எங்களுக்கு அது ஒரு பாடம்.

ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்ற பழமொழி பொய்யா? பாதி மெய். வயது ஏற ஏறக் குணம் உறுதிப்படுகிறது என்பது உண்மைதான். ஆனால் 20 முதல் 40 வயதுவரை, வேலையும் குடும்பமும் தோளில் ஏறும்போது, பொறுப்புணர்வு வளர்வதையும் பல ஆராய்ச்சிகள் காட்டுகின்றன. ஊர்சுற்றித் திரிந்த இளைஞன் கல்யாணத்துக்குப் பின் நேரம் தவறாமல் வேலைக்குப் போவதை நாமும் கண்டதில்லையா?

நம் தோட்டங்களை நினைவூட்டும் ஒரு வரலாறு ஹவாயைச் சேர்ந்த கவாய் தீவில் உண்டு. அங்கும் கரும்புத் தோட்டங்கள், தொழிலாளர் குடும்பங்கள். 1955இல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர், ரூத் ஸ்மித் என்ற பெண்மணிகள் 40 வயதுவரை கவனித்து வந்தார்கள். அவர்களில் சுமார் 200 பேர் வறுமை, குடி, ஓயாத சண்டை முதலிய பல துன்பங்களுக்கு நடுவே வளர்ந்தவர்கள். அப்படி வளர்ந்தும், மூன்றில் ஒரு பங்கினர் திறமையும் அன்பும் உடையவர்களாகத் தலையெடுத்தார்கள். பிறரைக் கவரும் இனிய சுபாவம் அவர்களுக்குத் துணைநின்றது. அதோடு, அவர்களை நம்பி அரவணைத்த ஒரு பெரியவராவது இருந்தார்: பாட்டி, சித்தி, அண்டைவீட்டார் அல்லது ஓர் ஆசிரியர். பதின்ம வயதில் தடம் புரண்டவர்களிலும் பலர் பிற்பாடு திருந்தி நல்வாழ்வு பெற்றார்கள்.

ஆகவே பெற்றோர்களே, பிள்ளை தவறு செய்தால் கண்டியுங்கள். ஆனால் செய்த காரியத்தைக் கண்டியுங்கள். "நீ சோம்பேறி" என்பதற்குப் பதிலாக, "இன்று பாடம் எழுதவில்லையே, என்ன காரணம்?" என்று கேளுங்கள். முதல் கேள்விக்குப் பதில் இல்லை, இரண்டாவதற்கு உண்டு. ஒருவேளை கண் தெரியாமல் இருக்கலாம். இரவு தூக்கம் இல்லாமல் இருக்கலாம்.

சொந்தப் பிள்ளை இல்லையென்றாலும் பக்கத்து வீட்டில் ஒரு பிள்ளை இருக்கும். எல்லாரும் கைவிட்ட அந்தப் பிள்ளையின் பெயரைச் சொல்லி அன்போடு அழைத்துப் பேசுங்கள். அவனுக்கு வேண்டிய அந்த ஒரு பெரியவர் நீங்களாகவே இருக்கலாம்.