கொல்லைப்புறத்தில் நடந்த பாடம்

தண்டியலங்காரத்தை நன்றாகக் கற்றிருந்த ஒரு பரதேசி திருச்சியில் வீடு வீடாகப் பிச்சை எடுத்துக்கொண்டிருந்தார். ஓரிடத்தில் உட்கார்ந்து பாடம் சொல்கிற ஆள் அல்ல அவர். அணியிலக்கணம் கற்க ஆசைப்பட்ட ஓர் இளைஞர் அவர் போன தெருவுக்கெல்லாம் கூடவே போனார். அவருக்கு வேண்டியதைத் தேடிக் கொடுத்தார். அவர் வாய் திறக்கும் நேரம் பார்த்துச் சந்தேகம் கேட்டுக் கேட்டே அந்த நூலைப் படித்து முடித்தார். பிற்காலத்தில் திருவாவடுதுறை ஆதீனம் ‘மகாவித்துவான்’ என்று பட்டம் கொடுத்துக் கொண்டாடிய மீனாட்சிசுந்தரம் பிள்ளைதான் அந்த இளைஞர்.

திருச்சிராப்பள்ளிப் பக்கத்தில் 1815-ல் பிறந்த பிள்ளை, இருபதுக்கும் மேற்பட்ட தலபுராணங்களைப் பாடியவர். அவர் சொல்லச் சொல்ல ஏட்டில் எழுதுகிறவருக்குக் கை வலிக்கும், அவ்வளவு வேகம். ஆனால் இன்று அவரை நினைக்க வைப்பது அந்தப் புராணங்களைவிட அவர் பாடம் சொன்ன விதம்தான்.

நல்லாசிரியர் எப்படி இருக்க வேண்டும் என்பதை நன்னூல் நிலம், மலை, நிறைகோல், மலர் ஆகியவற்றோடு ஒப்பிட்டுச் சொல்கிறது. யாருக்குப் பாடம் சொல்லக் கூடாது என்ற பட்டியலும் அதே நூலில் உண்டு. பிள்ளையிடம் படித்தவர்களைப் பார்த்தால், ஆசையோடு வந்தவரை ஏற்றுக்கொள்வதே அவர் வழக்கம் என்று தெரிகிறது. மடத்துத் தம்பிரான்கள் படித்தார்கள். தியாகராச செட்டியார் படித்தார். நாகூரிலிருந்து வந்து குலாம் காதிறு நாவலர் படித்தார். கிறிஸ்தவரான சவேரிநாத பிள்ளை கூடவே இருந்து படித்தார். சாதியும் சமயமும் எங்கே உட்காரலாம், யாரோடு சாப்பிடலாம் என்பதையெல்லாம் தீர்மானித்த காலம் அது. ஒரு சைவப் புலவரைச் சுற்றி இப்படி ஒரு கூட்டம் சேர்ந்தது சாதாரணமான காரியமல்ல.

அந்தக் கூட்டத்தில் 1871-ல் மாயூரத்தில் வந்து சேர்ந்தவர் உ.வே.சாமிநாதையர். அப்போது அவருக்குப் பதினாறு வயது. பலர் வருகிறார்கள், கொஞ்ச நாள் படித்துவிட்டுப் பாதியில் போய்விடுகிறார்கள் என்று பிள்ளை முதலில் குறைப்பட்டுக்கொண்டார். பையனின் சாப்பாட்டுக்கு என்ன வழி என்ற கவலையும் அவருக்கு இருந்தது. ஏற்றுக்கொண்ட பிறகும் ஆரம்பப் பாடத்தைச் சவேரிநாத பிள்ளையிடமே ஒப்படைத்தார். பையனுக்கோ ஆசிரியர் வாயால் கேட்டால்தான் மனம் ஆறும். ஆனால் அதை நேரில் கேட்கத் துணிவு வரவில்லை.

வீட்டுக் கொல்லையில் பிள்ளை செடிகளும் மரங்களும் வளர்த்துவந்தார். விடியற்காலையில் எழுந்ததும், எந்தக் கிளையில் புதுத் தளிர் விட்டிருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு நடப்பார். இதைக் கவனித்த சாமிநாதன் அவருக்கு முன்னாலேயே எழுந்து தளிர்களைத் தேடிவைத்து, ஆசிரியர் வந்ததும் காட்ட ஆரம்பித்தான். பிள்ளைக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சில நாள் இப்படிப் பழகிய பிறகு, தாங்களே பாடம் சொன்னால் நன்றாக இருக்கும் என்று பையன் தயங்கித் தயங்கிச் சொன்னான். பிள்ளை கோபித்துக்கொள்ளவில்லை, இசைந்தார். அன்று தொடங்கி அந்தாதிகள், பிள்ளைத்தமிழ்கள், கோவைகள் என்று ஒன்றன்பின் ஒன்றாக ஓடின பாடங்கள்.

மாணவன் தனக்குப் போதவில்லை என்று சொல்லும்போது அதைக் குறையாக எடுத்துக்கொள்ளாமல் பசியாகப் புரிந்துகொள்வது எல்லா ஆசிரியருக்கும் வருவதில்லை. பிள்ளைக்கு அது எளிதாக வந்தது. தானும் ஒரு பரதேசிக்குப் பின்னால் அலைந்தவர் அல்லவா!

அவரிடமும் குறை இருந்தது. அதே மாயூரத்தில் ‘நந்தன் சரித்திரக் கீர்த்தனை’ பாடிய கோபாலகிருஷ்ண பாரதியார் இருந்தார். சாமிநாதையர் அவரிடம் சங்கீதம் கற்றுவந்தார். சங்கீதத்தில் மனம் போனால் இலக்கண இலக்கியத்தில் அறிவு ஆழப் பதியாது என்பது பிள்ளையின் எண்ணம். அதை அறிந்ததும் சாமிநாதையர் சங்கீதப் பாடத்தை நிறுத்திவிட்டார். இன்றைக்குப் பார்த்தால் அது நியாயமாகப் படவில்லை. பாரதியாரைப் போன்ற ஒருவரிடம் தொடர்ந்து கற்கும் வாய்ப்பு இன்னொரு முறை வந்திருக்காது.

பிள்ளை 1876 பிப்ரவரி 1 அன்று திருவாவடுதுறையில் காலமானார். நாலாண்டு கழித்து, கும்பகோணம் கல்லூரியில் தமிழ்ப் பண்டிதராக இருந்த தியாகராச செட்டியார் ஓய்வுபெற்றபோது, தம் இடத்துக்குச் சாமிநாதையரைப் பரிந்துரைத்தார். ஒரே ஆசிரியரிடம் படித்த உறவு அந்த வேலைவரைக்கும் வந்தது.

அந்த 1880-லேயே, கும்பகோணத்துக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியார் சாமிநாதையரைச் சந்தித்து என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று விசாரித்தார். ஐயர் அந்தாதிகளையும் புராணங்களையும் வரிசையாக அடுக்கினார். முதலியார் அசரவில்லை. சீவகசிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்டார். ஐயர் அதைப் படித்ததில்லை. பிள்ளையும் அதைப் பாடம் சொன்னதில்லை. ஆனாலும் ஏடுகளைத் தேடி, ஒப்பிட்டு, பாடபேதம் குறித்து, 1887-ல் சிந்தாமணியை அச்சில் கொண்டுவந்தார் ஐயர். பத்துப்பாட்டு 1889-லும் சிலப்பதிகாரம் 1892-லும் புறநானூறு 1894-லும் மணிமேகலை 1898-லும் வந்தன. பிள்ளை சொல்லித் தராத நூல்கள் இவை. ஆனால் ஏட்டைத் தடையில்லாமல் படிக்கவும், செய்யுளைச் சரியான இடத்தில் பிரிக்கவும், சீர் தட்டினால் உடனே கண்டுகொள்ளவும் ஐயருக்குப் பழக்கம் வந்தது அந்த ஐந்தாண்டுப் பாடத்தில்தான். பாடத்திட்டத்தைத் தாண்டி மாணவனைக் கொண்டுபோகிற கல்வி என்றால் அதுதான்.

எண்பதை நெருங்கும் வயதில், 1933-லும் 1934-லும், ஐயர் தம் ஆசிரியரின் வரலாற்றை இரண்டு பாகமாக வெளியிட்டார். பிள்ளையின் கடனும் கையில் காசில்லாத நாட்களும்கூட அதில் இருக்கின்றன. ஓர் ஆசிரியர் நாள்தோறும் எப்படிப் பாடம் சொன்னார் என்பதை அருகிலிருந்த மாணவரே இவ்வளவு விரிவாக எழுதிய நூல் தமிழில் அரிது. ஆசிரியப் பயிற்சிக் கல்லூரிகளில் அதைப் பாடமாகவே வைக்கலாம்.