அச்சகம் இல்லாத முதல் நூல்: மின்னூல் வெளியிட முன்னர் கவனிக்க வேண்டியவை

“இனிப் புத்தகம் அடிக்கிற சோலியே இல்ல நானா, ஃபோன்லயே போட்டுடலாமாம்.” எழுதத் தொடங்கியிருக்கும் இளையவர்கள் பலரிடம் இப்போது இந்தப் பேச்சுத்தான். அதில் உண்மை இல்லாமலில்லை. கடதாசி விலையும் அச்சுக்கூலியும் ஏறிய பிறகு, முந்நூறு பிரதி அடிப்பதென்றாலும் ஒரு ஆசிரியரின் சில மாதச் சம்பளம் போய்விடுகிறது. விழா வைத்து, பிரதம அதிதியை அழைத்து, முதற்பிரதி வாங்க ஒரு ஹாஜியாரைத் தேடிப் பிடித்து, கவரில் வந்த பணத்தை எண்ணிப் பார்த்தால் மண்டபக் கூலிக்குத்தான் சரி. மீதிப் பிரதிகள் கட்டிலுக்கடியில். நம்மூர் எழுத்தாளர் வீடுகள் பலவற்றில் இதுதான் நிலை.

ஆனாலும் அந்த ஏற்பாட்டுக்குள் நாம் கவனிக்காத சில காரியங்கள் நடந்துகொண்டிருந்தன. அச்சகத்தில் ஒருவர் பக்கம் வடிவமைத்தார். இன்னொருவர் புரூஃப் பார்த்தார். நூலாய்வுரைக்குச் சம்மதித்தவர் முழுவதையும் வாசித்து, “இந்த அத்தியாயத்தை எடுத்துவிடுங்க” என்று தனியே சொன்னார். வாங்குவோரை விழாவே கூட்டிவந்தது. மின்னூலில் செலவு குறைகிறது. இந்த வேலைகள் குறையவில்லை. அத்தனையும் எழுதியவர் தலையில் வந்து விழுகின்றன. இதைத் தெரிந்துகொண்டு இறங்குகிறவருக்கு மின்னூல் நல்ல வழி. தெரியாமல் இறங்குகிறவருடைய நூல் இணையத்தில் இருந்தும் யார் கண்ணிலும் படாமல் கிடக்கும்.

முதல் பிரச்சினை எழுத்துரு. நம் நாட்டில் கணினியில் தமிழ் அடித்தவர்களில் பெரும்பாலோர் பாமினியில் பழகியவர்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்திருப்பவை. திரையில் தமிழ் தெரிந்தாலும் பைலுக்குள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகளே. அந்த எழுத்துரு இல்லாத தொலைபேசியில் திறந்தால் அரைப்புள்ளியும் ஆங்கில எழுத்தும் கலந்த குப்பையாகத்தான் தெரியும். மின்னூலுக்கு யுனிகோட் கட்டாயம். அதில் ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் உலகம் முழுவதும் ஒரே குறியீடு.

பாமினியிலிருந்து யுனிகோடுக்கு மாற்றும் கருவிகள் இணையத்தில் இலவசமாகவே உள்ளன. ஒரு நாவலைச் சில நொடிகளில் மாற்றித் தரும். மாற்றிய பின்னர்தான் உண்மையான வேலை தொடங்குகிறது. எங்கள் எழுத்தில் மிகுதியாக வரும் ‘ஔ’ ஓசையை எடுத்துக்கொள்ளுங்கள். ‘மௌலவி’, ‘மௌத்’, ‘சௌதி’ எல்லாவற்றிலும் அது இருக்கிறது. பழைய தட்டச்சில் இதனை ஒற்றைக்கொம்பும் பக்கத்தில் ‘ள’ எழுத்தும் போட்டுச் சமாளித்திருப்பார்கள். யுனிகோடில் அது ‘மெளலவி’ என்று வந்துவிடும். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. கணினிக்கோ அது வேறு சொல். சரியாக அடித்துத் தேடுகிறவருக்கு உங்கள் நூலின் அந்தப் பக்கம் கிடைக்காது. தலைப்பிலேயே இந்தப் பிழை இருந்தால் நூலே கிடைக்காது. ‘தேடி மாற்று’ வசதியைக் கொண்டு ஒவ்வொரு சொல்லாகத் திருத்திவிடுங்கள். ஒரு பின்னேரத்து வேலைதான்.

அடுத்தது அறபு வாசகங்கள். மார்க்கக் கட்டுரை, ஊர் வரலாறு, கவிதை என்று எதை எழுதினாலும் நம்மவர் நூலில் ஓர் ஆயத்தோ ஹதீஸோ அறபில் வந்துவிடுகிறது. தமிழ் இடமிருந்து வலமாகப் போகிறது, அறபு வலமிருந்து இடமாக வருகிறது. ஒரே வரியில் இரண்டும் சேர்ந்தால் அடைப்புக்குறிகளும் வசன இலக்கங்களும் இடம்மாறி நிற்கும். பழைய அறபு எழுத்துருவிலிருந்து ஒட்டியதென்றால் ஹரகத்துகள் உதிர்ந்திருக்கலாம். இதற்குப் பயந்து சிலர் ஆயத்தைப் படமாக ஒட்டிவிடுகிறார்கள். எழுத்தைப் பெரிதாக்கினாலும் படம் பெரிதாகாது. இரவில் கறுப்புப் பின்னணியில் வாசிக்கிறவருக்கு அது வெள்ளைக் கட்டமாய் நடுவில் நிற்கும். யுனிகோடில் உள்ள நம்பகமான முஸ்ஹப் பாடத்திலிருந்து எடுத்து, ஒவ்வொரு ஆயத்தையும் தனி வரியில் வையுங்கள். பிறகு ஒரு ஹாபிழையோ மௌலவியையோ சரிபார்க்கக் கேளுங்கள். கையெழுத்துப் பிரதியைக் காட்டிப் பயனில்லை. மின்னூல் முடிந்த பிறகு, தொலைபேசித் திரையில் தெரிவதைத்தான் அவர் பார்க்க வேண்டும். அச்சு நூலென்றால் பிழைதிருத்தத் தாள் ஒன்றை உள்ளே செருகலாம். மின்னூலைத் திருத்தி மீண்டும் ஏற்றலாமென்பது சரிதான். ஆனால் வட்ஸ்அப்பில் கைமாறிப் போன கொப்பியை யார் திருத்துவது?

பைல் வடிவத்தில் இரண்டு சொற்களைத் தெரிந்து வைத்திருந்தால் போதும். பிடிஎப் என்பது பக்கத்தின் புகைப்படம் போன்றது. ஏ-5 அளவுப் பக்கம் தொலைபேசியில் குறுகிவிடும். வாசகர் இரண்டு விரலால் விரித்து விரித்து வாசிக்க வேண்டும். ஈபப் அப்படியல்ல. திரையின் அளவுக்கு வரிகள் தாமாக ஒழுங்காகும். வயதானவர் எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளலாம். கதை, கட்டுரை, கவிதைக்கு ஈபப் நல்லது. வரைபடமும் பழைய உறுதிப் பத்திரங்களின் படமும் நிறைந்த ஊர் வரலாற்று நூலுக்குப் பிடிஎப்தான் தோது. லிப்ரே ஆபிஸ், கூகுள் டொக்ஸ் இரண்டிலிருந்துமே ஈபப் எடுக்கலாம், காசு இல்லை. அத்தியாயத் தலைப்புகளைக் கறுப்பாக்கி விட்டுவிடாமல் ‘தலைப்பு’ என்ற பாணியைக் கொடுங்கள். உள்ளடக்கப் பட்டியல் அதிலிருந்துதான் உருவாகிறது. கவிதை வரியை உள்ளே தள்ளுவதற்கு இடைவெளிப் பொத்தானை அமுக்கிக்கொண்டே இருப்பது கூடாது. கணினியில் அழகாக நின்ற வரி, ஃபோனில் சிதறிப் போகும். வீட்டில் உள்ள ஆகப் பழைய ஃபோனில் முழு நூலையும் ஒருமுறை வாசித்துப் பாருங்கள்.

பெயரைப் பற்றியும் சொல்லவேண்டும். நம்மவர் பெயர்கள் முதலெழுத்துகள் நிறைந்தவை. ஒரே ஆள் ஓர் இதழில் ‘முஹம்மத்’, இன்னொன்றில் ‘மொஹமட்’, தொகுப்பில் ‘முகம்மது’. அச்சு நூலில் அட்டைப்படத்தைப் பார்த்து அடையாளம் கண்டுகொள்வார்கள். இணையத்தில் அது மூன்று எழுத்தாளர்கள். ஒன்றைத் தெரிவு செய்து, இனி எல்லா நூலுக்கும் அதையே வையுங்கள். தலைப்பில் ‘றமழான்’ என்று வைத்தால், நூல் அறிமுகக் குறிப்பில் ‘ரமழான்’, ‘ரமலான்’ என்ற வடிவங்களையும் இயல்பாக வரச் செய்யுங்கள். தமிழ்நாட்டு வாசகர் தேடுவது அவருடைய எழுத்துக்கூட்டலில்தான்.

ஐஎஸ்பிஎன் விடயத்தில் வீண் பதற்றம் அதிகம். இலங்கையில் அதை வழங்குவது கொழும்பு 7இல் உள்ள தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபை. நம் நாட்டு நூல்களின் இலக்கத்தில் 978க்குப் பிறகு 955 அல்லது 624 என்று வரும். அச்சு நூலுக்கு எடுத்த இலக்கத்தை மின்னூலுக்குப் போடக்கூடாது, அதற்குத் தனி இலக்கம் வேண்டும். ஐஎஸ்பிஎன் நூலை அடையாளம் காட்டுகிறது, அவ்வளவுதான். பதிப்புரிமையை அது தருவதில்லை. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, எழுதிய கணத்திலிருந்தே உரிமை எழுதியவருக்கு, பதிவு தேவையில்லை. அவர் வாழ்நாள் முழுவதும், இறந்த பின் 70 ஆண்டுகளும் அது நிற்கும்.

இந்தக் கணக்கு மறுபதிப்புச் செய்ய விரும்புகிறவர்களுக்கும் உதவும். சித்திலெப்பையின் ‘அசன்பே சரித்திரம்’ 1885இல் வெளிவந்தது. ஆசிரியர் 1898இல் காலமானார். அதை யாரும் மின்னூலாக்கலாம், யாரிடமும் கேட்கத் தேவையில்லை. ஆனால் அறுபதுகளில் எழுதிய உங்கள் ஊர்க் கவிஞருடைய தொகுப்பு அப்படியல்ல. “எங்கட வாப்பாட நண்பர்தானே” என்று போட்டுவிட முடியாது. உரித்தாளிகளிடம் எழுத்தில் சம்மதம் வாங்க வேண்டும்.

இனி எங்கே வெளியிடுவது? பலரும் முதலில் கேட்பது அமேசன் கிண்டில். 2016இன் முடிவில் கிண்டில் தமிழ் நூல்களை ஏற்கத் தொடங்கியது. கணக்குத் திறக்கவும் நூலை ஏற்றவும் காசு கேட்பதில்லை. ஐஎஸ்பிஎன்னும் தேவையில்லை, அமேசன் தானே ஓர் இலக்கம் தரும். அட்டைக்கு 2,560க்கு 1,600 பிக்சல் அளவு நல்லது. அட்டைப்படத்தையோ மொழிபெயர்ப்பையோ செயற்கை நுண்ணறிவைக் கொண்டு உருவாக்கியிருந்தால், ஏற்றும்போது அதை அறிவிக்க வேண்டும்.

பணக் கணக்கை ஆறுதலாகப் பார்ப்போம். 70 வீதம் ரோயல்டி என்ற விளம்பரம்தான் கண்ணில் படும். அது 2.99 டொலரிலிருந்து 9.99 டொலர் வரை விலை வைத்த நூலை, அமேசன் பட்டியலிட்டுள்ள நாடுகளின் வாசகர்கள் வாங்கினால் கிடைப்பது. இலங்கை அந்தப் பட்டியலில் இல்லை. இந்தியா இருக்கிறது, ஆனால் அங்கே 70 பெறுவதற்கு ‘செலக்ட்’ திட்டத்தில் சேர வேண்டும். 70 வீதத் தெரிவில் பைலின் அளவுக்கேற்ப அனுப்புக் கட்டணமும் கழிப்பார்கள், படங்கள் நிறைந்த நூலுக்கு இது உறைக்கும். ஆக, அக்குறணையில் இருக்கும் உங்கள் நண்பர் 2.99 டொலர் கொடுத்து வாங்கினால் உங்களுக்கு வருவது 35 வீதம், ஏறக்குறைய 1 டொலர் 5 சதம். நேரடி வங்கி வைப்பு உங்கள் கணக்குக்குக் கிடைக்காமல் வயர் முறைதான் என்றால், 100 டொலர் சேரும்வரை பணம் வராது. அப்படியான நண்பர்கள் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் வேண்டும். அவர்கள் ஒவ்வொருவரிடமும் வெளிநாட்டுக் கொடுப்பனவுக்குச் செல்லும் அட்டையும் இருக்கவேண்டும். எந்த முறையில் பணம் வருமென்பதை நூலை ஏற்ற முன்னரே பார்த்துக்கொள்ளுங்கள்.

வரியும் உண்டு. அமெரிக்க விற்பனையில் 30 வீதம் பிடித்துக்கொள்வார்கள். இலங்கைக்கும் அமெரிக்காவுக்கும் இரட்டை வரி ஒப்பந்தம் இருப்பதால் அதை 10 வீதமாகக் குறைக்கலாம். கணக்குத் திறக்கும்போது வரும் வரிப் படிவத்தில் உங்கள் உள்நாட்டு இறைவரி டின் இலக்கத்தைக் கொடுத்து, ஒப்பந்தச் சலுகையைக் கேட்க வேண்டும். அவசரத்தில் ‘அடுத்து, அடுத்து’ என்று அமுக்கிக்கொண்டு போகிற இடம் அதுவல்ல.

‘செலக்ட்’ திட்டம் என்றேன். அதில் சேர்ந்தால் 90 நாட்களுக்கு நூலின் மின்வடிவம் அமேசனைத் தவிர வேறெங்கும் இருக்கக்கூடாது. அச்சுப் பிரதிக்குத் தடையில்லை. ஆனால் நூலின் பிடிஎப் ஏற்கனவே ஓர் இணைய நூலகத்தில் இருந்தாலோ, பேஸ்புக்கில் தொடராக முழுவதையும் போட்டிருந்தாலோ நிபந்தனை மீறலாகும். நம்மவர்களில் பலர் முதலில் பேஸ்புக்கில் எழுதிவிட்டுத்தான் தொகுக்கிறார்கள் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

பணம் நோக்கமில்லை, வாசிக்கப்பட வேண்டும், காணாமல் போகக்கூடாது என்பவர்களுக்கு வேறு இடம் இருக்கிறது. 2005இலிருந்து இயங்கும் நூலகம் திட்டம் ஈழத்துத் தமிழ் நூல்களைப் பேணி எவரும் வாசிக்கத் தருகிறது. முஸ்லிம்களின் ஆக்கங்களும் அங்கே நிறைய உள்ளன. ‘ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ்’ திட்டம் படைப்பாக்கப் பொதும உரிமத்தில் தருகிறவர்களின் நூலை இலவசமாக வெளியிடுகிறது. ஆய்வு நூலுக்கு, என் அபிப்பிராயத்தில், இதுவே முதல் தெரிவு. ஒரு பல்கலைக்கழக மாணவி உங்கள் ஊர் வரலாற்றைத் தேடும்போது அது கையில் கிடைப்பதை விட ரோயல்டி பெரிதா? சிறுகதைக்காரரும் நாவலாசிரியரும் வேறுவிதமாக யோசிக்கலாம், அது அவரவர் பாடு. ஒன்று மட்டும்: பொதும உரிமத்தில் கொடுத்ததைத் திரும்பப் பெற முடியாது.

உள்ளூரில் விற்பதற்கு நடைமுறையில் நடப்பது வேறு. வங்கிக் கணக்குக்குக் காசு போட்டு ஸ்லிப்பை அனுப்பினால் பைல் வட்ஸ்அப்பில் வரும். எளிய முறை, குறை சொல்வதற்கில்லை. பைல் பத்துப் பேருக்குப் போகும் என்பதை ஏற்றுக்கொண்டு விலை வையுங்கள். விழாவையும் விட்டுவிடத் தேவையில்லை; முதற்பிரதி வாங்கும் புரவலர் ஐம்பது பாடசாலை நூலகங்களுக்கான பிரதிக்குக் காசு தந்தால் அது அவருக்கும் நன்மை.

“நாங்களே எல்லாம் செய்து தாரோம், நீங்க கதைய மட்டும் தாங்க” என்று கேட்பவர்களும் வருவார்கள். தட்டச்சு, திருத்தம், அட்டை இவற்றுக்குக் கூலி கொடுப்பது நியாயம். நல்ல திருத்துநர் ஒருவருக்குக் கொடுக்கும் காசு வேறெந்தச் செலவையும் விடப் பெறுமதியானது. ஆனால் விற்பனைக் கணக்கை அவர்கள் பெயரில் திறந்தால் ரோயல்டி அவர்களுக்குப் போகும், எத்தனை விற்றதென்பதும் அவர்களுக்குத்தான் தெரியும். கணக்கு உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில் இருக்கட்டும். வேலை முடிந்ததும் ஈபப் பைலை மட்டும் வாங்காமல், திருத்தக்கூடிய மூலப் பைலையும் அட்டையின் மூலத்தையும் கேட்டு வாங்குங்கள். பேசும்போதே இதைச் சொல்லிவிட வேண்டும். பிறகு கேட்டால் மனக்கசப்பு.

மூலப் பைலை இரண்டு இடங்களில் வையுங்கள், ஒன்று வீட்டுக்கு வெளியே. கணக்கின் மின்னஞ்சலையும் கடவுச்சொல்லையும் மகளிடமோ மகனிடமோ சொல்லி வையுங்கள். உரிமை உங்களுக்குப் பிறகும் 70 வருடம் இருக்கிறது, உரித்தாளிகளுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாமல் போய்விடக்கூடாது.