மரத்தை எரித்தால் கார்பன் குறையுமா? ஆஸ்திரிய வீடுகளின் 'பெல்லட் + சோலார்' கூட்டணி... எப்படி வேலை செய்கிறது?

குளிர்காலத்தில் வெப்பநிலை மைனஸில் இறங்கும் ஊர்களில் வீட்டைச் சூடாக வைத்திருப்பது ஆடம்பரம் இல்லை, அத்தியாவசியம். ஆனால், அதற்காக எரிக்கப்படும் எண்ணெயும் கேஸும் பூமியையும் சேர்த்தே சூடாக்குகின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தில் வீடுகள் பயன்படுத்தும் எரிசக்தியில் முக்கால் பங்குக்கும் மேல் அறைகளைச் சூடாக்கவும் வெந்நீருக்குமே போகிறது.

இதைக் குறைக்க ஆஸ்திரியாவில் பல வீடுகள் வுட் பெல்லட்டையும் சூரிய சக்தியையும் ஜோடி சேர்த்திருக்கின்றன. புது வீடுகளில் எண்ணெய் பாய்லர் வைக்க 2020 முதலே அங்கு தடை இருக்கிறது. சரி, மரத்தை எரித்தால் புகை அதிகம்தானே வரும்?

பெல்லட்னா என்ன?

மர அறுவை ஆலைகளில் மிஞ்சும் மரத்தூளையும் சீவலையும் உலர்த்தி, அதிக அழுத்தத்தில் அச்சு வழியாகத் தள்ளினால் கிடைப்பதுதான் பெல்லட். பெரும்பாலும் 6 மில்லிமீட்டர் தடிமன். பார்க்க மாட்டுத் தீவனக் குச்சி மாதிரியே இருக்கும். மரத்தில் இருக்கும் லிக்னின் சூட்டில் இளகி, தூளை ஒட்ட வைக்கிறது.

விறகு புகைய முக்கியக் காரணமே ஈரம்தான். நல்ல பெல்லட்டில் ஈரப்பதம் 10 சதவிகிதத்தைத் தாண்டாது. சுமார் 2 கிலோ பெல்லட், 1 லிட்டர் எண்ணெய் தரும் வெப்பத்தைத் தந்துவிடும். பாய்லருக்குள் பெல்லட்டை மோட்டார் தள்ளும். காற்றின் அளவைக் கருவியே பார்த்துக்கொள்ளும். விறகு அள்ளிப் போடுற வேலையே கிடையாது.

அப்புறம் சோலார் எதுக்கு?

குளிர்காலத்தில் வெயில் குறைவு. அந்தச் சமயத்தில் சோலாரை மட்டும் நம்ப முடியாது. கோடையில் கதையே வேறு. அப்போது குளிக்கவும் பாத்திரம் கழுவவும்தான் வெந்நீர் தேவை. இந்தச் சின்ன வேலைக்காகப் பெரிய பாய்லர் அடிக்கடி பற்றி அணைந்தால் எரிபொருளும் வீண், புகையும் அதிகம்.

அங்கேதான் கூரையில் இருக்கும் சோலார் தகடுகள் கைகொடுக்கின்றன. நம்ம ஊர் மொட்டை மாடி சோலார் வாட்டர் ஹீட்டர் மாதிரிதான். சூடான நீர், வெப்பம் வெளியேறாத பெரிய தொட்டியில் சேரும். தொட்டி சூடாக இருக்கும்வரை பாய்லர் பற்றாது. கோடை மாதங்களில் பெரும்பாலான நாட்கள் அதற்கு ஓய்வுதான்.

எவ்வளவு குறையும்?

ஒரு வீடு ஆண்டுக்கு 2,000 லிட்டர் எண்ணெய் எரிப்பதாக வைத்துக்கொள்வோம். லிட்டருக்கு சுமார் 2.7 கிலோ என்றால், 5.4 டன் கார்பன் டை ஆக்சைடு. அதே வெப்பத்துக்கு சுமார் 4 டன் பெல்லட் போதும். சோலார் சேர்ந்தால் இதுவும் குறையும்.

ஆனால் ஒரு விஷயம்: பெல்லட் எரியும்போதும் கார்பன் டை ஆக்சைடு வெளியேறத்தான் செய்கிறது. எண்ணெயின் கார்பன் பல கோடி ஆண்டுகளாகப் பூமிக்குள் புதைந்து கிடந்தது. மரத்தின் கார்பன், அது வளர்ந்தபோது காற்றிலிருந்து எடுத்தது. மரத்தூளை எரிக்காமல் விட்டாலும் மக்கி, அந்தக் கார்பன் காற்றுக்கே திரும்பும். அதனால்தான் கணக்கில் பெல்லட்டுக்குச் சலுகை.

சிக்கல் எங்கே?

இந்தச் சலுகை, ஆலைக் கழிவுக்குப் பொருந்தும். பெல்லட்டுக்காகவே முழு மரங்களை வெட்டினால் கணக்கு தலைகீழாகிவிடும். வெட்டிய மரத்தை எரிக்கச் சில மணி நேரம் போதும். அது திரும்ப வளரப் பல பத்தாண்டுகள் ஆகும். இதைச் சுட்டிக்காட்டி 2021-ல் 500-க்கும் மேற்பட்ட விஞ்ஞானிகள் உலகத் தலைவர்களுக்குக் கடிதம் எழுதினார்கள். நிலப்பரப்பில் பாதிக்கு நெருக்கமாகக் காடும், பெரிய மர அறுவைத் தொழிலும் உள்ள ஆஸ்திரியாவுக்குச் சரிப்படுவது, கப்பலில் பெல்லட் இறக்கும் நாட்டுக்கும் சரிப்படும் என்று சொல்ல முடியாது.

நுரையீரலைப் பாதிக்கும் நுண்துகள்களும் பிரச்னை. பழைய விறகு அடுப்பைவிட பெல்லட் பாய்லரில் இவை மிகக் குறைவு. ஆனால் கேஸைவிட அதிகம். விலையும் நிலையானது அல்ல. உக்ரைன் போர் தொடங்கிய 2022-ல் ஐரோப்பாவில் பெல்லட் விலை எகிறியது.

முதலில் செய்ய வேண்டியது?

பாய்லரை மாற்றுவதற்கு முன், சுவர், கூரை, ஜன்னல் வழியாக வெப்பம் வெளியேறுவதைத் தடுக்க வேண்டும். ஓட்டைப் பானையில் எந்தத் தண்ணீரை ஊற்றினாலும் நிற்காது. அதன்பிறகு எவ்வளவு வெப்பம் தேவை என்று பார்த்தால், சின்ன பாய்லரே போதும். உள்ளூர் ஆலையின் மரத்தூளும் கூரை வெயிலும் அதற்கு ஈடுகொடுக்கும் என்றால், இந்தக் கூட்டணி உண்மையிலேயே லாபம்தான்.