உறங்கும் சிறுவரின் மூச்சு

பாடத்தில் மனம் பதியாத சிறுவனை மந்தன் என்றும், ஓரிடத்தில் அமராதவனைக் குழப்படிக்காரன் என்றும் கூறிவிடுதல் எளிது. அக்குறைகளின் காரணம் சிலவேளை இரவு மூச்சில் மறைந்து கிடக்கின்றது.

துயிலின்போது தொண்டைத் தசைகள் தளர்வடையும். மூக்கின் பின்புறத்தும் தொண்டையின் இருமருங்கும் உள்ள சதைகள் பருத்திருப்பின், மூச்சுவழி அடைபடும். மார்பு முயன்றும் காற்று உட்செல்லாது. குருதியில் ஒட்சிசன் குறையும். உடனே மூளை துயிலைக் கலைத்து மூச்சை மீட்கும். இரவெல்லாம் இவ்வாறு நிகழ்வதால் உறக்கம் சிதறுண்டு போகின்றது. இதனால் வளர்ந்தோர் பகலில் தூங்கி வழிவர். சிறுவரோ பெரும்பாலும் அமைதியிழந்து திரிவர்.

இவ்வடைப்புக்கும் கல்வியிற் பின்தங்குதலுக்கும் உள்ள தொடர்பை, இங்கிலாந்து வைத்தியர் வில்லியம் ஹில் 1889இல் எடுத்துரைத்தார். 1976இல் அமெரிக்காவில் கில்லமினோவும் துணைவரும் எட்டுச் சிறுவரின் உறக்கத்தை ஆராய்ந்து இந்நோயை விளக்கினர். 2013இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், சத்திரசிகிச்சையாற் சதைகள் அகற்றப்பட்டோருள் நூற்றுக்கு 79 பேருக்கும், சிகிச்சையின்றிக் காத்திருந்தோருள் 46 பேருக்கும் மூச்சு சீரடைந்தது. எனவே எல்லார்க்கும் சத்திரசிகிச்சை வேண்டுவதில்லை. அதனைத் துணிதல் வைத்தியர் பொறுப்பு.

நாள்தோறும் குறட்டை, இடையிடையே மூச்சுத் தடை, வாய் திறந்த உறக்கம் ஆகியன இதன் குறிகள். தண்டிக்குமுன், மாணவன் எங்ஙனம் உறங்குகின்றான் எனப் பெற்றோரை வினவுதல் ஆசிரியர் கடனாகும்.