உவர்நீரை இனிதாக்கும் கரி

குஜராத்திலும் ராஜஸ்தானிலும் வாழும் நம்மவர் பலருக்கு உவர்க்கிணறு புதிதன்று. துணியில் வடிகட்டினாலும் கொதிக்கவைத்தாலும் அந்த உப்பு அகலாது. அது மின்னேற்றமுள்ள அயனிகளாகக் கரைந்துள்ளது. இரு கரித் தகடுகளிடையே நீரைச் செலுத்தி, சுமார் 1.2 வோல்ட் மின்னழுத்தம் தந்தால், சோடியம் எதிர்மின் தகட்டிலும் குளோரைடு நேர்மின் தகட்டிலும் ஒட்டிக்கொள்ளும்.

கரி ஏன்? அது மின்சாரத்தைக் கடத்தும். அன்றியும், நீராவியிற் பதப்படுத்திய ஒரு கிராம் சிரட்டைக் கரியின் நுண்துளைப் பரப்பு ஏறக்குறைய 1000 சதுர மீட்டர். துளைகள் நிரம்பியதும் மின்னழுத்தத்தை நீக்கித் தகடுகளை இணைத்தால், உப்பு கழன்று கழிவுநீருடன் வெளியேறும். கரி மீண்டும் உழைக்கும்.

லிட்டருக்கு 35 கிராம் உப்புள்ள கடல்நீருக்கு இம்முறை கட்டுபடியாகாது. ஓரிரு கிராம் உப்புள்ள உவர்நீருக்கே உகந்தது. ஆகவே, நம் கிணற்றின் உப்பளவைச் சோதித்தறிவதே முதற்படி.