இருட்டுக்குப் பழகிய கண்கள் – 17: கதவு போட்ட சத்தம்

ஒரு கடற்கரை ஓட்டல். சாப்பாட்டுக் கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவே ஓர் ஆடும் கதவு. பரிசாரகர் தட்டோடு உள்ளே போனாலும் சரி, வெளியே வந்தாலும் சரி, அது ‘டொய்ங்’ என்று ஒரு சத்தம் போடும். தளர்ந்த தம்புரா நரம்பைக் குழந்தை சுண்டிவிட்டது மாதிரியான சத்தம். யாரும் அதற்கு எண்ணெய் விடுவதில்லை. முப்பது வருடங்களுக்கு மேலாக அந்த ‘டொய்ங்’ என் காதுக்குள் இருக்கிறது.

ஸ்வீடிஷ் இயக்குநர் பெர்க்மனைப் பற்றி இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். 16 எம்.எம். புரொஜக்டரும் மடக்கு நாற்காலிகளுமாகக் கோல்ஸ் பார்க் கூட்டாளிகளோடு நான் படம் பார்த்த நாட்கள் தொடர்ந்து படிப்பவர்களுக்கு நினைவிருக்கும், திரும்பச் சொல்ல இடமில்லை. வியாழக்கிழமைக்குள் பிரதி போய்ச் சேர வேண்டும். செவ்வாய்க்கிழமை ராத்திரி ஒரு தகவல் கண்ணில் பட்டது. அது பெர்க்மனை ஒதுக்கிவிட்டு முன்னால் வந்து உட்கார்ந்துகொண்டது. அதற்கு வழி போடத்தான் கதவிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

பெங்களூரில், பிரேசர் டவுனிலிருந்து பிரெஞ்சுக் கலாசார மையமான ஆலியான்ஸ் பிரான்சேஸுக்குப் படம் பார்க்க நாங்கள் நடந்தேதான் போவோம். கன்டோன்மென்ட் ஸ்டேஷன் பக்கம் ரயில் பாலத்துக்கு அடியில் புகுந்து வெளியே வந்தால் வசந்த் நகர். ஐந்து பேர். மாஸ்க் ரோட்டில் வீட்டில் தக்கினி உருது பேசுகிறவன் ஒருவன், காக்ஸ் டவுன் மலையாளி ஒருவன், பென்சன் டவுன் கன்னடக்காரன் ஒருவன், அப்பா ரயில்வேயில் வேலை பார்த்த ஆங்கிலோ இந்தியன் ஒருவன், பிறகு நான். கேலி தமிழில், சண்டை உருதுவில், காசுக் கணக்கு கன்னடத்தில், சினிமா இங்கிலீஷில். 1898 பிளேக்குக்குப் பிறகு, நெரிசலிலிருந்து ஜனங்களை நகர்த்தி வைக்க உண்டாக்கிய பேட்டை பிரேசர் டவுன். சர்க்கார் காகிதத்தில் அதன் பெயர் புலிகேசி நகர். எந்தப் பெயரில் கூப்பிட்டாலும், ஒரு தெருவைக் கடப்பதற்குள் நாலு மொழி காதில் விழுந்துவிடும். இது இந்த அத்தியாயத்துக்கு முக்கியம்.

அப்படிப் போன ஒருநாள் போட்ட படம் பிரெஞ்சு இயக்குநர் ழாக் தாத்தியின் ‘முசியே ஹூலோவின் விடுமுறை’, 1953ல் வந்தது. படம் திறப்பதே ஒரு ரயில் நிலையத்தில். ஒலிபெருக்கி எதையோ அறிவிக்கிறது. ஒரு சொல்கூடப் புரியாது. பிரெஞ்சுக்காரர்களுக்கும் புரியாது, தாத்தி வேண்டுமென்றே அப்படிக் குழற வைத்திருக்கிறார். விடுமுறைக் கூட்டம் மூட்டை முடிச்சோடு சுரங்கப்பாதை வழியாக அடுத்த பிளாட்பாரத்துக்கு ஓட, ரயில் வேறொரு பிளாட்பாரத்தில் வந்து நிற்கிறது. கன்னடக்காரன் நாற்காலியிலிருந்து சரிந்துவிட்டான். ஊருக்குப் போகிற வழியில் நடுராத்திரி ஏதோ ஒரு ஜங்ஷனில் “என்னாங்க சொன்னாங்க?” என்று பக்கத்து ஆளைக் கேட்டுக்கொண்டே ஓடாதவர் நம்மில் யார்?

பிறகு நான் ஆரம்பத்தில் சொன்ன அந்தக் கதவு. பிறகு ஒரு சவ அடக்கம். கதாநாயகன் ஹூலோவின் பஞ்சரான டயர் டியூபில் ஈர இலைகள் ஒட்டிக்கொள்கின்றன. இடுகாட்டில் இருப்பவர் அதை மலர்வளையம் என்று நினைத்து வாங்கி மாட்டிவிடுகிறார். துக்கம் நிறைந்த அமைதியில் டியூபிலிருந்து காற்று ‘புஸ்ஸ்’ என்று இறங்குகிறது. ஐரோப்பியப் படம் என்றால் மழை, மௌனம், மரணம் என்றுதான் சீனியர்கள் எங்களுக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். மரணம் இங்கேயும் இருந்தது. நாங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம்.

வெளியே வந்ததும் மாஸ்க் ரோட்டுக்காரன் கேட்ட முதல் கேள்வி: “மச்சா, அந்தக் கதவு எந்த பாஷைல பேசுச்சு?”

அதற்கு மேல் எந்தப் பேராசிரியரும் எங்களுக்குப் பாடம் எடுக்க வேண்டியிருக்கவில்லை. கோல்ஸ் பார்க் சிமென்ட் பெஞ்சில், ஆல்பர்ட் பேக்கரியிலிருந்து வாங்கி வந்த கைமா சமோசாவோடு (1902லிருந்து இருக்கிற கடை, இன்றும் அந்த வாசனை மாறவில்லை) அந்தக் கேள்வியை ஒரு மாதம் மென்றோம். ஒரு டீயை இரண்டாகப் பங்கிடும் பை-டூ டீ வாங்கக்கூடக் காசில்லாத நாட்களிலும் மென்றோம். மெல்ல மெல்லத்தான் விஷயம் பிடிபட்டது. தாத்தி காட்சியை முதலில் எடுத்து முடித்துவிட்டு, சத்தங்களைப் பிறகு ஒவ்வொன்றாகப் பதிந்து சேர்ப்பவர். பேச்சை முணுமுணுப்பாகக் குறைத்துவிடுவார், கதவையும் காலணியையும் பேச விடுவார். அவர் படத்துக்கு சப்டைட்டில் அநேகமாகத் தேவையே இல்லை. அதே ஹூலோ படத்தில் மடங்கிப்போகும் படகு ஒன்று சுறாவின் வாய் மாதிரித் திறந்து மூடும், கரையில் இருப்பவர்கள் அலறி ஓடுவார்கள். ‘ஜாஸ்’ படம் 1975ல் வந்த பிறகு, 1978ல் தாத்தி மறுபடியும் அதே கடற்கரைக்குப் போய் எடுத்துச் சேர்த்த காட்சி அது. படம் வெளியாகி 25 வருடம் கழித்து! தன் படத்தை அவர் முடிந்துபோன சமாச்சாரமாக நினைக்கவே இல்லை.

வீடியோ காசெட் பற்றி ஒரு பழைய பாக்கி இருக்கிறது, அதை இங்கே தீர்த்துவிடுகிறேன். என் பெரியம்மா குடும்பம் புதுச்சேரி. பெரியம்மா மகன், எங்களுக்கெல்லாம் அண்ணன், பாரிஸில் வேலை. அவர் ஒரு விடுமுறைக்கு வந்தபோது தாத்தியின் ‘மோன் ஓன்க்ள்’ காசெட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். 1958 படம், ஆஸ்கார் வாங்கியது. வாடகை வி.சி.ஆர்.இல் போட்டுப் பார்த்தோம். நவீன வீடு, தோட்டத்து நடுவில் மீன் வடிவ நீரூற்று, முக்கியமான விருந்தாளி வந்தால் மட்டும் அதைத் திறந்துவிடும் அம்மாள். எல்லாம் கறுப்பு வெள்ளையில். அந்தக் கறுப்பு வெள்ளையின் அழகைப் பற்றி மலையாளி நண்பன் கல்லூரி மலரில் இரண்டு பக்கம் எழுதினான். அடுத்த வருடம் ஆலியான்ஸ் திரையில் அதே படம் வண்ணத்தில் ஓடியது! காரணம் ரொம்ப எளிது. அன்று பிரான்ஸின் டிவி முறை செகாம், நம்முடையது பால். 1982 ஆசியப் போட்டியின்போது நமக்கு வண்ணம் வந்ததே பால் முறையில்தான். பிரெஞ்சு காசெட்டைப் பால் கருவியில் போட்டால் உருவம் வரும், நிறம் வராது. அமெரிக்கக் காசெட்டில் அதுவும் வராது, படம் உருண்டுகொண்டே இருக்கும். இங்கிலாந்தின் முறையும் அன்று பால். ஆகவே லண்டன் சித்தப்பாவும் மான்செஸ்டர் அத்தையும் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்த காசெட்டெல்லாம் கன்டோன்மென்ட் வீடுகளில் நிறம் குன்றாமல் ஓடின. பிரிட்டிஷ் காமெடி எங்கள் பேட்டைக்குள் அவ்வளவு சுலபமாக நுழைந்ததற்கு, இங்கிலீஷ் தெரிந்திருந்ததோடு இந்த மின்சாரப் பொருத்தமும் ஒரு காரணம் என்பது என் முடிவு.

நுழைந்தது சரி, புரிந்ததா? பாதிக்குமேல் புரியவில்லை. பேச்சை நம்பி நிற்கும் காமெடி அது. ஆங்கிலோ இந்திய நண்பனின் வீட்டில்தான் பார்ப்போம். அவன் அம்மா பின்னாலிருந்து உரை சொல்லிக்கொண்டே வருவார். ஒருநாள் ‘இட் எய்ன்ட் ஹாஃப் ஹாட் மம்’ ஓடிக்கொண்டிருந்தது. இரண்டாம் உலகப் போரில் தேவ்லாலி முகாமில் நாடகம் போடும் சிப்பாய்களின் கதை, 1974லிருந்து 1981 வரை பி.பி.சி.யில் வந்தது. வெள்ளைக்கார நடிகர் முகத்துக்கு மை பூசி இந்தியராக நடித்ததால் பி.பி.சி. இன்று அதை மறுஒளிபரப்புவதில்லை. எனக்கும் அந்த மை அன்றே உறுத்தியது. ஆனால் ஆன்ட்டி அன்று ஒரு சொல் சொன்னார்: ‘டூலாலி’. கிறுக்குப் பிடித்தவன் என்று அர்த்தம். நாசிக் பக்கத்துத் தேவ்லாலியில் ஊர் திரும்பக் கப்பலுக்காக மாதக்கணக்கில் காத்துக் கிடந்த வெள்ளைச் சிப்பாய்களுக்குப் புத்தி பேதலித்ததாம். அதன் முழுப் பெயர் ‘டூலாலி டாப்’. அந்த ‘டாப்’ என்ன தெரியுமா? காய்ச்சலைக் குறிக்கும் ‘தாப்’. நம்முடைய தாபமேதான். லண்டன்காரன் வாயில் வந்து போகிற வசைச்சொல்லுக்குள் நம் தாபம் உட்கார்ந்திருக்கிறது. இதற்கே ஓர் அத்தியாயம் தரலாம். ஆசிரியர் சம்மதிக்க வேண்டும்.

1992 கோடையில் அதே வீட்டுக்கு ஒரு காசெட் வந்தது. ‘மிஸ்டர் பீன்’. பிரிட்டனில் 1990 ஜனவரி 1ஆம் தேதி முதல் பகுதி வந்திருந்தது. தேர்வுக்கூடத்தில் தான் படிக்காத கணக்கு வந்துவிட்டதென்று திண்டாடுகிறார். சர்ச்சில் பிரசங்கத்தின் நடுவே தூக்கம் சொக்குகிறது. அன்று மாஸ்க் ரோட்டு நண்பனின் அம்மா வந்திருந்தார், என் பாட்டியும் இருந்தார். ஒருவருக்கு உருது மட்டும், இன்னொருவருக்குத் தமிழ் மட்டும். ஆன்ட்டி உரை சொல்ல வாய் திறக்கவே இல்லை. தூங்கி விழுகிற தலையைப் பார்த்துப் பாட்டி சொன்னார்: “கதா காலட்சேபத்துல உங்க தாத்தா இப்படித்தான்டா.” நண்பனின் அம்மா துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்.

செவ்வாய்க்கிழமை கண்ணில் பட்ட தகவல் இதுதான். மிஸ்டர் பீனாக நடித்த ரோவன் அட்கின்சன் ஆக்ஸ்போர்டில் மின்பொறியியல் மாணவராக இருந்தபோதே இந்தப் பாத்திரத்தைச் செதுக்க ஆரம்பித்தவர், தனக்குத் தாத்தியின் ஹூலோவிடமிருந்து கிடைத்ததை மறைக்காமல் சொன்னவர். இவ்வளவும் எனக்கு முன்பே தெரியும். தெரியாதது: டிவிக்கு வருவதற்கு முன், 1987ல், கனடாவின் மான்ட்ரியல் நகரத்தில் நடக்கும் ‘ஜஸ்ட் ஃபார் லாஃப்ஸ்’ நகைச்சுவை விழாவுக்கு அவர் போயிருக்கிறார். அங்கே ஆங்கில நிகழ்ச்சி தனி, பிரெஞ்சு நிகழ்ச்சி தனி. அட்கின்சன் பிரெஞ்சு மேடைதான் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். அமைப்பாளர்களுக்கு விளங்கவில்லை. அவர் நிகழ்ச்சியில் பிரெஞ்சு வசனம் ஒன்றுகூடக் கிடையாது, ஆங்கிலேயருக்கு எதற்குப் பிரெஞ்சு மேடை? அவர் சோதித்துப் பார்க்க வந்திருந்தார். தன் மொழி தெரியாத கூட்டம், தன் உடம்பை மட்டும் பார்த்துச் சிரிக்குமா?

1987. அந்த எண்ணைப் பார்த்ததும் எழுந்து நடக்க ஆரம்பித்துவிட்டேன். அதே வருடம் நவம்பரில் எங்கள் ஊரில், எங்கள் ஊரிலேயே எடுக்கப்பட்ட ஒரு படம் வெளியானது. கன்னடத்தில் ‘புஷ்பக விமானா’, தமிழில் ‘பேசும் படம்’. சிங்கீதம் சீனிவாசராவ் இயக்கம், கமல்ஹாசன், அமலா. ஒரு வசனம் கிடையாது. பேச்சில்லாத படத்துக்குப் பேசும் படம் என்று பெயர் வைத்தவரை இன்று நினைத்தாலும் கும்பிடத் தோன்றுகிறது. பி.யு.சி. படித்துக்கொண்டிருந்த நாங்கள் ஐந்து பேரும் முதல் வாரமே போனோம். டிக்கெட் வரிசையில் எந்த மொழியில் படம் என்று யாரும் கேட்கவில்லை. பெங்களூரில் அப்படி ஒரு வரிசையில் அதற்கு முன் நான் நின்றதில்லை.

அதில் ஒரு காட்சி. சினிமாக் கொட்டகைச் சத்தத்தை ஒட்டிய அறையில் குடியிருக்கும் வேலையில்லாப் பட்டதாரிக்கு, திடீரென்று ஐந்து நட்சத்திர ஓட்டல் அறை கிடைக்கிறது. விண்ட்ஸர் மேனரில் எடுத்தார்கள். மெத்தை உண்டு, குளிர் உண்டு, தூக்கம் மட்டும் வரவில்லை. அமைதி அவனை உறுத்துகிறது. பழைய இடத்துக்குப் போய் அந்தக் கொட்டகைச் சத்தத்தை டேப்பில் பதிந்துகொண்டு வந்து, ஓட்டலில் ஓடவிட்டுத் தூங்கிப்போகிறான். ஏழ்மையை இவ்வளவு துல்லியமாகச் சத்தத்தால் சொன்ன காட்சியை வேறெங்கும் நான் கண்டதில்லை. அன்று எங்களுக்குத் தாத்தி யாரென்றே தெரியாது. இரண்டு வருடம் கழித்து வசந்த் நகரில் அந்தக் கதவு ‘டொய்ங்’ என்றபோது, நாங்கள் ஐவரும் தயங்காமல் சிரித்ததற்குக் காது ஏற்கெனவே பழகியிருந்ததுதான் காரணம். பழக்கியவர் சிங்கீதம். மான்ட்ரியலில் ஓர் ஆங்கிலேயர் பிரெஞ்சுக் கூட்டத்திடம் கேட்ட கேள்விக்கு, அதே வருடம் பெங்களூர் கொட்டகைகள் வாரக்கணக்கில் பதில் சொல்லிக்கொண்டிருந்தன.

தாத்திக்குத் திரும்புகிறேன், ஒரு கடன் இருக்கிறது. ‘பிளேடைம்’ படத்துக்காகப் பாரிஸுக்கு வெளியே கண்ணாடியும் உருக்குமாக ஒரு நகரத்தையே அவர் கட்டினார், சுமார் 15,000 சதுர மீட்டர். 1967ல் படம் வந்தது, போட்ட பணம் வரவில்லை, கடனில் தன் படங்களின் உரிமையையே இழந்தார். அந்தப் படத்தில் ஒரு வியாபாரி, எவ்வளவு ஓங்கி அறைந்தாலும் சத்தமே வராத கதவை விற்கிறார். கோபம் வந்து தானே அறைந்து சாத்துகிறார், ஒன்றும் கேட்கவில்லை. கோபம் அப்படியே அந்தரத்தில் நிற்கிறது. இன்னொரு கதவு உடைந்து நொறுங்கிவிடும். வாயிற்காவலர் கைப்பிடியை மட்டும் காற்றில் பிடித்துக்கொண்டு, வருகிறவர்களுக்கெல்லாம் இல்லாத கதவைத் திறந்து விடுவார். அவர்களும் முறையாக நுழைந்து போவார்கள்.

பெர்க்மன் அடுத்த வாரம் வந்துவிடுவார். எங்களை அவரிடம் அனுப்பி வைத்ததும் சிரிப்புதான் என்பதை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன். மான்டி பைதான் குழுவினரின் ‘ஹோலி கிரெயில்’, 1975 படம். டைட்டில் எழுத்துகளுக்குக் கீழே ஸ்வீடிஷ் மாதிரித் தோன்றும் போலி சப்டைட்டில் ஓடும். திடீரென்று அது மூஸ் என்னும் பெரிய மானைப் பற்றிச் சம்பந்தமில்லாமல் பேசத் தொடங்கிவிடும். அன்று ஆங்கிலோ இந்திய நண்பன் மட்டும் தரையில் புரண்டு சிரித்தான். மற்ற நால்வரும் விழித்துக்கொண்டிருந்தோம். “ஏன்டா சிரிக்கிற?” என்றேன்.

“நீங்க இன்னும் பெர்க்மனோட ‘செவன்த் சீல்’ பார்க்கலை இல்ல?” என்றான்.

(தொடரும்)