பள்ளி நூலகமும் இணையத் தமிழ் வளங்களும்: பண்டார் பாருவிலிருந்து ஒரு நோக்கு

கெடா மாநிலத்தின் தென்கோடி மாவட்டம் பண்டார் பாரு. கிரியான் ஆற்றைக் கடந்தால் பேராக் மாநிலத்தின் பாரிட் புந்தார். மேற்கே சென்றால் பினாங்கின் நிபோங் திபால். முன்பு பால்மரமும் இன்று பெரும்பாலும் செம்பனையும் சூழ்ந்த இவ்வட்டாரத்தில் தமிழ்ப்பள்ளி நூலகம் என்பது பொதுவாக ஓர் அறை, சில அலமாரிகள், ஒரு கணினி. அதன் பொறுப்பாசிரியர் முழுநேர நூலகர் அல்லர். வகுப்புப் பாடவேளைகளுக்கு இடையில் கிடைக்கும் நேரத்தில் நூலைப் பதிவு செய்து, இரவல் கொடுத்து, ‘நிலாம்’ வாசிப்புப் பதிவையும் கவனிப்பவர். அத்தகைய ஆசிரியருக்கு இணையத்தில் எவ்வளவு இருக்கிறது என்பதைவிட, தேவையானது எங்கே இருக்கிறது என்பதே முதன்மையான வினா. வாசகனின் நேரத்தை வீணாக்கலாகாது என்பதை நூலக அறிவியலின் விதிகளுள் ஒன்றாகவே வைத்தவர் சீர்காழியில் பிறந்த எசு. ஆர். இரங்கநாதன். நூலகரின் நேரத்திற்கும் அவ்விதி பொருந்தும்.

எடுத்துக்காட்டாக ஒரு தேடலைக் கொள்வோம். ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி, “கடாரம் என்பது நம் கெடாவா, டீச்சர்?” என்று கேட்கிறாள். 2003-இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா, முதலாம் இராசேந்திரன் 1025-ஆம் ஆண்டளவில் நடத்திய கடற்படையெடுப்பைப் பற்றிய பொதுச்செய்தியைத் தரும். அதனைத் தொடக்கமாகக் கொள்ளலாம்; முடிவாகக் கொள்ளலாகாது. கட்டுரையின் அடியில் உள்ள மேற்கோள் பட்டியலைப் பார்க்கக் கற்பிப்பதே அங்கு நூலகரின் பணி. அடுத்து, சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி. 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாகவும், 1939-இல் பின்னிணைப்பாகவும் வெளிவந்த அவ்வகராதியைச் சிகாகோ பல்கலைக்கழகம் தன் தென்னாசிய மின்னகராதித் தளத்தில் தேடத்தக்க வடிவில் வைத்திருக்கிறது. அங்கே கடாரம் என்னும் சொல்லுக்குப் பெரிய கொப்பரை என்ற பொருளும் இருப்பதைக் கண்டு மாணவி வியப்பாள்.

மூன்றாவது மதுரைத் திட்டம். சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் வாழ்ந்த வேதியியலறிஞர் கு. கல்யாணசுந்தரம் முதலியோர் 1998 பொங்கலன்று தொடங்கிய இம்முயற்சி, உலகெங்குமுள்ள தன்னார்வலர்கள் தட்டச்சிட்டுப் பிழை பார்த்த நூல்களை இலவசமாக வழங்குகிறது. பட்டினப்பாலையை அங்கிருந்து இறக்கிக்கொண்டு ‘காழகம்’ என்று தேடினால், புகார்த் துறைமுகத்திற்குப் பொருள் வந்த நாடுகளுள் ஒன்றாக அப்பெயர் நிற்பதைக் காணலாம். அதற்குக் கடாரம் என்று பொருள் கொண்டவர் உரையாசிரியர் நச்சினார்க்கினியர். ஒரு சிறுமியின் கேள்விக்கு அரைமணி நேரத்தில் கலைக்களஞ்சியம், அகராதி, மூலநூல் என்னும் மூவகைச் சான்றும் கிடைத்துவிடுகின்றன. அலமாரியில் இம்மூன்றையும் அச்சில் வைத்திருக்கும் தொடக்கப்பள்ளி அரிதே.

தட்டச்சிட்ட பனுவலும் படமாக எடுக்கப்பட்ட ஏடும் வேறு வேறு என்பதை இங்கே குறிக்க வேண்டும். 2001-இல் தமிழ் இணையப் பல்கலைக்கழகமாகத் தொடங்கிய தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பெரும்பாலானவை ஏட்டுப் படங்கள். அவற்றை மாணவர் கையில் அப்படியே கொடுத்தால் ஓர் இடர் நேரும். தமிழ்நாட்டில் 1978-இல் எழுத்துச் சீர்திருத்தம் அரசாணையானது. அதற்கு முற்பட்ட நூல்களில் ணை, லை, ளை, னை ஆகியவை துதிக்கைபோல் வளைந்த பழைய கொம்புடனும், ணா, றா, னா ஆகியவை சுழித்த வடிவிலும் இருக்கும். பன்னிரண்டு வயதுப் பிள்ளை அவற்றை அச்சுப்பிழை என்றே எண்ணும். மாறிய பதின்மூன்று எழுத்துகளையும் ஒரு அட்டையில் பழையதும் புதியதுமாக எழுதிக் கணினியருகே ஒட்டி வைத்தால் போதும். பிள்ளைகள் அதை மறைமொழி விளையாட்டைப்போல் விரும்பிப் படிப்பர்.

கீழ்வகுப்புகளுக்கு என் தேர்வு ‘ஸ்டோரிவீவர்’ தளமே. பெங்களூரின் பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015 செப்டம்பர் 8-ஆம் நாள், உலக எழுத்தறிவு நாளன்று, இதனைத் தொடங்கியது. படக்கதைகள் நான்கு வாசிப்பு நிலைகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. தமிழிலும் ஏராளமானவை உள்ளன. இதன் உண்மையான பயன் உரிமத்தில் இருக்கிறது. எழுதியவர், வரைந்தவர், வெளியிட்டவர் பெயர்களைக் குறிப்பிட்டால் போதும். கதையை அச்சிடலாம், மாற்றலாம், மீண்டும் வெளியிடலாம். இணையத் தொடர்பு விட்டுவிட்டு வரும் தோட்டப்புறத்தில் இது பெரிய வசதி. தொடர்பு நன்றாக உள்ள ஒரு நாளில் இருபது கதைகளை இறக்கி, அச்சிட்டு, மடித்துத் தைத்தால், பை நிறையப் புத்தகம். தமிழ்நாட்டுக் கதையில் வரும் ‘ரூபாய்’ என்பதை ‘வெள்ளி’ என்று திருத்தவும் உரிமம் இடந்தருகிறது. நம் பிள்ளைகளுக்குக் கதை அந்நியமாகத் தோன்றுவது பல வேளைகளில் இத்தகைய ஒரு சொல்லால்தான்.

உரிமம் என்றதும் பதிப்புரிமையைச் சற்று விளக்குதல் நன்று. மலேசியாவில் ஆசிரியர் மறைந்தபின் 50 ஆண்டுகள், இந்தியாவில் 60, சிங்கப்பூரிலும் இலங்கையிலும் 70 என்பது பொது விதி. ஒரு நாட்டில் கட்டற்றதாகிவிட்ட நூல் மற்றொரு நாட்டில் காப்புக்கு உட்பட்டிருத்தல் இயல்பு. கல்கி, புதுமைப்பித்தன் போன்றோர் படைப்புகளைத் தமிழக அரசு நாட்டுடைமையாக்கியிருப்பதால் அவற்றில் தயக்கம் வேண்டியதில்லை. ஆனால், அண்மைக்கால மலேசிய எழுத்தாளர் ஒருவரின் நாவலை யாரோ படமெடுத்துப் புலனக் குழுவில் பகிர்ந்தால் அதை நூலகக் கணினியில் சேர்த்தல் தகாது. இங்கே ஒரு நூல் சில நூறு படிகள் விற்பதே அரிதாக இருக்கையில், அப்படிகளில் ஒன்றை விலைகொடுத்து வாங்கவேண்டிய இடம் பள்ளி நூலகம்.

இனி நூற்பட்டியல். நூல் குறைவாக உள்ள பள்ளிக்கு ஒரு விரிதாளே போதுமானது. அதைவிடப் பெரிய தொகுப்பு உடையோர், இந்தோனேசியாவில் 2007-இல் வெளிவந்த ‘சிலிம்ஸ்’ என்னும் கட்டற்ற நூலக மென்பொருளை நாடலாம். மலாய் அறிந்த நமக்கு அதன் இந்தோனேசிய மொழி இடைமுகம் எளிதில் விளங்கும். நியூசிலாந்தில் பிறந்த ‘கோஹா’ ஆற்றல் மிக்கது. எனினும் அதனை நிறுவிப் பராமரிக்கத் தேர்ந்தவர் துணை வேண்டும். சிறு பள்ளிக்கு அது யானையைக் கட்டித் தீனி போடுவதாகும்.

எம்மென்பொருளாயினும் தமிழுக்கென இரு சிக்கல்கள் உண்டு. ஒன்று அகரவரிசை. யூனிகோடு அட்டவணையில் னகரம் நகரத்தை அடுத்தும், றகரம் ரகரத்தை அடுத்தும் வைக்கப்பட்டுள்ளன. புள்ளியோ உயிர்மெய்க் குறிகளுக்குப் பின்னர் வருகிறது. ஆகவே, தமிழ் முறையை அறியாத நிரல் ஒன்று வரிசைப்படுத்தினால், அகராதியில் முன்னே நிற்க வேண்டிய ‘அக்கா’ பின்தள்ளப்பட்டு ‘அகம்’ முன்னே வரும். நூல் இல்லை என்று மாணவன் திரும்பிப் போவதற்கு இதுவே காரணமாகலாம். மற்றொன்று ஆசிரியர் பெயர். மு. வரதராசன், மு. வரதராசனார், டாக்டர் மு.வ. என்று மூவகையாகப் பதிந்தால் கணினிக்கு அவர் மூவர். ஒரு வடிவத்தை உறுதி செய்து, மற்றவற்றைக் குறிப்பாக இணைக்க வேண்டும். டூயி பகுப்பில் தமிழ் இலக்கியத்தின் எண் 894.811; தமிழ் நூல்களே பெரும்பான்மையாக உள்ள அறையில் எல்லா நூலுக்கும் அதே எண்ணை எழுதிப் பயனில்லை. கவிதை, நாவல், சிறுவர் கதை என்று நிறத்தாளால் பிரிப்பது நடைமுறைக்கு உகந்தது.

இதுவரை சொன்னவை பிறர் சேர்த்து வைத்தவற்றைப் பெறும் வழிகள். சென்னையும் சிகாகோவும் தருவதில் பண்டார் பாருத் தோட்டப்புறத்தின் வரலாறு மிகக் குறைவு என்பதும் உண்மை. சிங்கப்பூர் தேசிய நூலக வாரியத்தின் செய்தித்தாள் தளம் ஓரளவு இக்குறையைத் தீர்க்கும். 1935-இல் கோ. சாரங்கபாணி தொடங்கிய தமிழ் முரசின் பழைய இதழ்கள் அங்கே உள்ளன. 1950களில் அவ்விதழின் மாணவர் மணிமன்றப் பகுதி மலாயாத் தோட்டப் பிள்ளைகளையும் எழுத வைத்தது. சொல்லை இட்டுத் தேடுவதைவிடத் தேதியைத் தெரிவு செய்து ஏடு புரட்டுவதே அங்கு உறுதியான வழி. இன்றைய மாணவன் தன் பாட்டனின் பெயரை அப்பக்கங்களில் காண நேரலாம்.

1957-இல் இந்நாட்டில் 800-க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று ஏறத்தாழ 530. தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது பள்ளிகள் மூடப்பட்டன, அல்லது இடம்பெயர்ந்தன. அவற்றின் பள்ளி மலர், திறப்புவிழா மலர், பதிவேடு, குழுப்படம் ஆகியவை பல இடங்களில் நூலக அலமாரியின் அடித்தட்டில் கிடக்கின்றன. இவற்றுக்கு வேறு படி இருக்கும் என்று நம்புவதற்கு இடமில்லை. 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. அந்நினைவு மாறாத ஈழத்தமிழர் 2005-இல் ‘நூலகம்’ என்னும் மின்னூலகத்தை நிறுவி, பெருநூல்களோடு ஊர் மலர்களையும் பள்ளிச் சஞ்சிகைகளையும் சேர்த்தனர். நமக்குத் தீ வேண்டியதில்லை. கறையானும் ஓர் ஆண்டிறுதித் துப்புரவும் போதும்.

தொடங்கக் கைப்பேசியே போதுமானது. சன்னலோர வெளிச்சத்தில், நிழல் விழாமல், அட்டை முதல் அட்டை வரை ஒவ்வொரு பக்கமாக எடுத்து ஒரே கோப்பாக்க வேண்டும். விளம்பரப் பக்கங்களையும் விடலாகாது, அக்காலக் கடைகளின் பெயர்கள் அங்கேதான் உள்ளன. கோப்பின் பெயரில் பள்ளி, தோட்டம், ஆண்டு மூன்றும் இருக்கட்டும். ஒரு படி பள்ளிக் கணினியிலும், ஒரு படி வெளி வட்டிலும், ஒரு படி கல்வியமைச்சு 2020-இல் தொடங்கிய ‘டெலிமா’ தளத்தின் வழியே கிடைக்கும் இணையச் சேமிப்பிலும் வைக்கலாம். பொதுவில் வெளியிடுமுன் தலைமையாசிரியர், மலர்க்குழுவினர் ஆகியோரின் ஒப்புதலைப் பெறுதல் வேண்டும். இன்றும் பள்ளியில் பயிலும் பிள்ளைகளின் படமும் பிறப்பு விவரமும் உள்ள பக்கங்களைப் பள்ளிக்குள்ளேயே நிறுத்திக்கொள்ள வேண்டும்.